விமானமா, கப்பலா? காத்திருப்பின் சுமை யார் தலையில்?



ஆரணியைச் சுற்றியுள்ள பட்டு நெசவூர்களுள் நமது தேவிகாபுரமும் ஒன்று. இவ்வட்டாரத்தில் நெய்யப்படும் சேலை ஆரணிப் பட்டு என்னும் பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. முன்பெல்லாம் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது பெருநகர ஏற்றுமதியாளர்களின் வேலையாக இருந்தது. இன்று நிலைமை வேறு. துபாயிலும் ஜித்தாவிலும் கோலாலம்பூரிலும் உறவினர் உள்ள சிறு குடும்பங்கள்கூட, கைபேசியில் சேலையின் படத்தை அனுப்பி, ஆர்டர் பெற்று, பெட்டி கட்டத் தொடங்கிவிட்டன. அல்ஹம்துலில்லாஹ், இது ரிஸ்க்கின் ஒரு வாசல்.

இவ்வியாபாரத்தில் இறங்கும் சகோதரர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "ஹஜ்ரத், சரக்கை விமானத்தில் அனுப்பலாமா, கப்பலில் அனுப்பலாமா? விமானம் வீண்விரயம் ஆகாதா?" என்பதாகும். கட்டணத்தைச் சரக்கு ஏஜெண்டுகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் இக்கேள்விக்குள் கூலி, கடன், பொறுப்பு, உண்மை ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. அவை மதரஸாவில் நாம் கற்பிக்கும் முஆமலாத் பாடத்திற்கு உரியவை. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனளிக்கும்.

"கப்பல் சிக்கனம், விமானம் ஆடம்பரம்" என்பது நம்மிடையே பரவலான எண்ணம். பட்டுச் சேலையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது என்பதே நமது கருத்து. கப்பலின் மலிவுக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு இருக்கிறது. அந்தக் காத்திருப்பை யாரேனும் ஒருவர் சுமந்தே ஆக வேண்டும். நம் ஊரில் அதைச் சுமப்பவர் பல நேரங்களில் தறியில் அமர்ந்திருப்பவரே.

எடையும் கன அளவும்

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். விமானச் சரக்கில் இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்திலிருந்து கணக்கிடப்படும் கன அளவு எடை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் அது கிடைக்கும். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000ஆல் வகுக்கின்றன. இரண்டு எடைகளில் எது அதிகமோ, அதற்கே கட்டணம்.

60, 40, 40 செ.மீ. அளவுள்ள ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 96,000, 6000ஆல் வகுத்தால் 16 கிலோ. அதனுள் சுமார் 30 சேலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு 20 கிலோ இருக்குமானால், கட்டணம் 20 கிலோவுக்கே. அதே சேலைகளைத் தனித்தனிப் பரிசுப் பெட்டிகளில் வைத்து 80, 60, 50 செ.மீ. பெட்டியில் அனுப்பினால் கன அளவு எடை 40 கிலோ ஆகிவிடும். அப்போது பாதிக் கட்டணம் வெற்றிடத்திற்குச் செல்கிறது. உண்மையான வீண்விரயம் இதுவே. பரிசுப் பெட்டிகளை மடித்த நிலையில் அனுப்பி, அங்கே சென்றபின் விரித்துக்கொள்ளலாம்.

கப்பலில் கணக்கு வேறு. முழுக் கண்டெய்னருக்குப் போதிய சரக்கு இல்லாதவர், பிறருடைய சரக்கோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்குக் கன மீட்டர் அல்லது டன், எது அதிகமோ அதைக் கொண்டு கட்டணம் வாங்குவர். பொதுவாக ஒரு கன மீட்டருக்குக் குறைந்தாலும் ஒரு கன மீட்டருக்கான தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன பெட்டிகள் பத்து சேர்ந்தால்தான் 0.96 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 300 சேலைகள். இரண்டு பெட்டி அனுப்புகிறவர் பத்துப் பெட்டிக்கான கடல் கட்டணத்தைத் தருகிறார். துறைமுகக் கிடங்குச் செலவு, ஆவணச் செலவு, சேருமிடத்தில் வசூலிக்கப்படும் செலவு ஆகியவை இதற்கு மேல். ஏஜெண்ட் முதலில் கூறும் தொகை இறுதித் தொகையன்று.

இனி ஒப்பிடுவோம். கிலோவுக்கு 100 ரூபாய் விமானத்தில் கூடுதலாகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பொதி சேர்த்து ஒரு சேலையின் எடை சுமார் 650 கிராம் எனில், சேலைக்கு 65 ரூபாய் கூடுகிறது. 8,000 ரூபாய்ச் சேலைக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே 100 ரூபாயை ஒரு கிலோ அரிசியின் மீது ஏற்றினால், அரிசியின் விலையைவிடக் கட்டணம் அதிகமாகிவிடும். எடை குறைந்து மதிப்பு மிகுந்த பொருள் விமானத்திற்கு உரியது. எடை மிகுந்து மதிப்பு குறைந்த பொருள் கப்பலுக்கு உரியது. வளைகுடாவிலிருந்து நம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் சோப்பும் பால்பவுடரும் கம்பளிப் போர்வையும் கப்பலில் வரட்டும். பட்டின் நியாயம் வேறு.

பட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலும் குளிருமாக மாறும் கடற்பயணத்தில் கண்டெய்னரின் உட்கூரையில் ஈரம் கோத்துச் சொட்டுவதுண்டு. ஈரம் பட்டால் பட்டில் கறை விழும். வெள்ளி கலந்த சரிகை கறுக்கும். கப்பலில் அனுப்புவோர் பாலிதீன் உறையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களும் வைக்காமல் அனுப்பக்கூடாது.

நாட்களின் கணக்கு

சென்னையிலிருந்து துபாய்க்கு விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் செல்கிறது. சுங்கம், கிடங்கு எல்லாம் சேர்த்தாலும் சில நாட்களில் சரக்கு கடைக்குச் சேரும். கப்பலில் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தை அடைய, வழியில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறுவதையும் சேர்த்து, இரண்டு வாரம் அளவில் ஆகும். இருபுறமும் துறைமுக வேலைகளுக்கு ஒரு வாரம் வீதம் வைத்தால் ஒரு மாதம். தடங்கல் ஏற்பட்டால் அதற்கும் மேல்.

தடங்கல் அரிதானது என்று எண்ணிவிட வேண்டாம். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, 29ஆம் தேதிதான் விடுபட்டது. அத்துடன் முடியவில்லை. எகிப்து அக்கப்பலைத் தடுத்து வைத்து ஜூலை மாதமே அனுப்பியது. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கின் உரிமையாளர்கள் அனைவரும் பங்கிட வேண்டும் என்று கப்பல் உரிமையாளர் அறிவித்தார். கடல் வாணிபத்தின் பழைய விதி அது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகலாயின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. நம் நாட்டிலிருந்து ஜித்தாவுக்குச் செல்லும் கப்பலும் அதே செங்கடலின் வாயிலைத்தான் கடந்தாக வேண்டும்.

பெருநாள் வியாபாரத்திற்கு அனுப்புவோர் இக்கணக்கைப் பிறை மாதங்களில் போட்டுக்கொள்வது நல்லது. ரமளான் தொடக்கத்தில் சேலை அங்கே கடையில் இருக்க வேண்டுமெனில், கப்பல் சரக்கு ரஜப் மாதம் முடிவதற்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். விமானச் சரக்கு ஷஃபான் நடுவில் கிளம்பினால் போதும். பாவு ஓட்டி நெய்யும் காலம் இதற்கு முன்னால். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருவதால், சென்ற ஆண்டின் ஆங்கிலத் தேதியைப் பார்த்து இவ்வாண்டு ஆர்டர் கொடுப்பவர் தாமதித்துவிடுகிறார். பின்னர் அவசரத்தை நெசவாளர் மீது ஏற்றி இரவும் பகலும் நெய்யச் சொல்கிறார். நமது திட்டமின்மைக்கு அவருடைய கண்ணும் முதுகும் விலை கொடுக்கக்கூடாது.

கூலி காத்திருக்கலாமா?

இப்போது இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறோம். கப்பலில் சரக்கு போகிறது. ஒரு மாதம் கழித்துச் சேர்கிறது. வாங்கியவர் விற்றுவிட்டுப் பணம் தருவதற்கு மேலும் ஒரு மாதம், இரண்டு மாதம். அதுவரை "பணம் வந்ததும் தருகிறேன்" என்று நெசவுக் கூலியை நிறுத்தி வைக்கும் வழக்கம் நம் வட்டாரத்தில் உண்டு. தறிக்குடும்பத்தின் அரிசிக்கடைக் கணக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், வட்டிக்கு வாங்கிய கைமாற்றும் கப்பல் கரை சேரும் வரை காத்திருப்பதில்லை.

உழைத்தவரின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தைப் புகாரியில் காண்கிறோம். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பதும் நபி (ஸல்) அவர்களின் தெளிவான போதனை. நெசவாளர் நம் மார்க்கத்தவரா, பிற மதச் சகோதரரா என்பதால் இதில் வேறுபாடு எதுவும் இல்லை.

ஃபிக்ஹு நூல்கள் ஒரு விதியை நிலைநிறுத்துகின்றன. எவருக்கு ஆதாயமோ, இழப்பின் பொறுப்பும் அவருக்கே. உஸ்மானியர் காலத்து மஜல்லா சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. கப்பலில் அனுப்பியதால் மிச்சமான தொகை வியாபாரியின் பையில் சேர்கிறது. அவ்வாறெனில் தாமதமும் அவர் பையிலிருந்தே போக வேண்டும். சேலை தறியிலிருந்து இறங்கிய அன்றே கூலியைத் தந்துவிட்டு, தமது முதலை ஒரு மாதம் கடலில் விட்டுவைக்க இயன்றவர் தாராளமாகக் கப்பலில் அனுப்பட்டும், அது சிக்கனம். அந்த முதல் இல்லாதவர் கப்பலைத் தேர்ந்தெடுத்தால், உண்மையில் நெசவாளரிடம் கேட்காமலேயே கடன் வாங்கி வியாபாரம் செய்கிறார். அதற்குச் சிக்கனம் என்று பெயரிட வேண்டாம்.

சிறு முதல் உடையவருக்கு என்ன வழி? இரண்டு பெட்டியாக விமானத்தில் அனுப்பி, பணம் பெற்று, அடுத்த இரண்டு பெட்டியை அனுப்பலாம். ஒரே முதல் ஆண்டில் பலமுறை சுழலும். அல்லது வாங்குபவரிடம் முன்பணம் பெறலாம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் பேரீச்சம்பழத்திற்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே விலை கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அதை அவர்கள் அனுமதித்தார்கள். இதுவே ஸலம் ஒப்பந்தம். இதில் முழு விலையும் ஒப்பந்தத்தின்போதே தரப்பட வேண்டும். ஆர்டருக்கு நெய்து கொடுக்கும் இஸ்திஸ்னாஃ ஒப்பந்தத்தில், ஹனஃபி மத்ஹபின்படி, விலையைப் பகுதி பகுதியாகவும் பெறலாம். நிறம், சரிகை, முந்தியின் வடிவம், நீளம், ஒப்படைக்கும் நாள் அனைத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை மறக்கலாகாது.

கைபேசியில் படம் காட்டி விற்கும் சகோதரிகளுக்கும் இங்கே ஒரு செய்தி உண்டு. தம்மிடம் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். வேறொருவர் கடையில் உள்ள சேலையைத் தமது சேலை என்று விற்றுவிட்டு, பிறகு ஓடிச்சென்று வாங்குவது இத்தடைக்குள் வரும். கடைக்காரரின் முகவராக நின்று கமிஷன் பெறுவது, அல்லது மேலே சொன்ன முறையில் முன்பணம் பெற்று நெய்வித்துத் தருவது ஹலாலான வழிகள்.

ஆவணத்தில் உள்ள வேறுபாடு

விமானத்திற்கும் கப்பலுக்கும் இடையே வேகத்தைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று ஆவணத்தில் இருக்கிறது. கப்பல் சரக்குக்குத் தரப்படும் பில் ஆஃப் லேடிங், சரக்கின் உரிமையைக் காட்டும் பத்திரம். வழக்கமான முறையில் அதன் அசல் கையில் இல்லாதவர் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியாது. எனவே பணம் வரும் வரை அசலைத் தம்மிடமோ வங்கியிடமோ வைத்திருக்க விற்பவரால் இயலும். விமானச் சரக்கின் ஏர்வே பில் அத்தகையதன்று. அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. பெறுநர் என்று எவர் பெயர் இருக்கிறதோ, அவர் தம்மை அடையாளம் காட்டிச் சரக்கை எடுத்துச் சென்றுவிடலாம். பணம் தந்தாரா என்று விமான நிறுவனம் கேட்காது.

ஆகவே விமானத்தில் அனுப்புபவர் முன்பணம் பெற்றே அனுப்ப வேண்டும். அல்லது வங்கியின் சம்மதத்துடன் வங்கியையே பெறுநராகக் குறிப்பிட வேண்டும். "நம்ம மச்சான்தானே" என்று கடனுக்கு விமானத்தில் அனுப்பி, சரக்கும் போய் உறவும் முறிந்த வீடுகளை நாம் அறிவோம்.

வழியில் சரக்கு தொலைந்தால் யாருக்கு இழப்பு என்பதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். விற்ற பொருளை ஒப்படைக்கும் வரை பொறுப்பு விற்றவருடையது என்பது பொதுவான ஃபிக்ஹு நிலை. வாங்குபவர் நியமித்த பிரதிநிதியிடம் ஒப்படைத்தால் அவரிடமே ஒப்படைத்ததாகக் கருதப்படும். வணிக உலகில் வழங்கும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். ஆகிய இரண்டிலும், சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடன் இழப்பின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுகிறது. சி.ஐ.எஃப். முறையில் விற்பவர் சேருமிடம் வரை கட்டணம் செலுத்தினாலும் பொறுப்பு அப்படியே. இது தெரியாமல் இரு தரப்பும் கையொப்பமிட்டுப் பின்னர் சண்டையிடுகின்றனர். மேலும் இவ்விரண்டும் கடல்வழிக்கான விதிகள்; விமானத்திற்கு எஃப்.சி.ஏ., சி.ஐ.பி. என்பவை உள்ளன.

விமானச் சரக்கு தொலைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறத்தாழ 3,000 ரூபாய். ஒரு கிலோவில் 12,000 ரூபாய்ப் பட்டு இருக்குமானால் கிடைப்பது கால் பங்கு. அனுப்பும்போதே உண்மை மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் இவ்வரம்பு உயரும். காப்பீடு குறித்து உலமாக்களிடையே விரிவான விவாதம் இருப்பதால், தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவெடுக்கவும்.

மதிப்பைக் குறைத்து எழுதுதல்

8,000 ரூபாய்ச் சேலையை 500 ரூபாய் என்று இன்வாய்ஸில் எழுதித் தரும்படி அங்குள்ளவர்கள் கேட்பதுண்டு. வளைகுடா நாடுகளில் சுங்க வரி பொதுவாக 5 சதவீதம். சரக்கின் விலையோடு போக்குவரத்துக் கட்டணமும் காப்பீடும் சேர்த்தே அது கணக்கிடப்படுகிறது. அதைத் தவிர்க்கவே இந்தப் பொய். ஐக்கிய அரபு அமீரகத்துடன் இந்தியா செய்த வணிக உடன்படிக்கை 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. உரிய தோற்றச் சான்றிதழ் பெற்றால் நம் ஜவுளி வரியின்றியே அங்கே நுழையலாம். நேர்வழி திறந்திருக்கும்போது பொய்யான வழி எதற்கு? சரக்கு தொலைந்தால், 500 ரூபாய் என்று எழுதியவர் 8,000 கேட்டு எந்த வாயால் வாதாடுவார்?

அளவையிலும் எடையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்தே முதஃப்பிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. இன்வாய்ஸும் ஒரு தராசுதான். ஊர் திரும்பும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: தம் பெயரில் வரும் கார்கோ பெட்டியில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பிறர் பொட்டலத்தைச் சேர்க்க இசைய வேண்டாம். அமானிதம் என்பது கண்ணால் பார்த்துப் பொறுப்பேற்பது.

வேறு வழியும் உண்டு

ஒன்றிரண்டு சேலை மட்டும் அனுப்புவோருக்கு இவ்விரண்டு முறைகளும் பெரியவை. அஞ்சல் துறை 2022இல் தொடங்கிய டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியே சிறு பொட்டலங்களை முறையாக ஏற்றுமதி செய்யலாம். எதில் அனுப்பினாலும் ஏற்றுமதிக்குரிய ஐ.இ.சி. எண்ணைப் பெற்றுக்கொள்வது அவசியம். ஒரே மஹல்லாவில் நான்கைந்து குடும்பங்கள் இவ்வியாபாரம் செய்தால், பெட்டிகளைச் சேர்த்து ஒரு கன மீட்டராக்கிக் கப்பலில் அனுப்பிச் செலவைப் பங்கிடலாம். அப்போது ஒவ்வொருவரின் சேலைக்கும் தனிப் பட்டியலும் தனி இன்வாய்ஸும் இருக்க வேண்டும்.

குறைஷியரின் குளிர்கால, கோடைகாலப் பயணங்களைத் திருக்குர்ஆன் நினைவூட்டுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் மரக்கலம் ஏறி வாணிபம் செய்தனர். பருவக்காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அன்று வேறு வழி இல்லை. இன்று வழிகள் இருக்கின்றன. தேர்வு நம் கையில் இருக்கிறது.

அடுத்தமுறை ஏஜெண்டிடம் கட்டணம் விசாரிக்கும் முன் ஒவ்வொரு வியாபாரியும் தம் கணக்கு நோட்டைத் திறந்து, இந்தச் சேலைகளை நெய்தவருக்குப் பாக்கி ஏதும் உள்ளதா என்று பார்க்கட்டும். பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்கட்டும். பிறகு கப்பலோ விமானமோ, எதில் அனுப்பினாலும் அதில் பரக்கத் உண்டு, இன்ஷா அல்லாஹ்.

நம் வியாபாரங்களை ஹலாலானவையாகவும், நம்மிடம் உழைப்பவர்களின் உரிமைகளைக் குறைவின்றி நிறைவேற்றுபவர்களாக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.